பொட்டு வைத்த ஆட்டக்காரர்

பேஸ்பால் என்ற விளையாட்டை நான் இன்றுவரை ஒரு முறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் விளையாடுவார்கள் என்று கேட்டால், சற்றுத் தயங்கி, "போதுமான ஆட்கள்" என்றுதான் சொல்வேன். அப்படிப்பட்ட நான், அந்த விளையாட்டில் ஒரு காலத்தில் கடவுளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவரும், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செத்துப்போனவருமான ஓர் அமெரிக்கரின் படம் போட்ட அட்டை ஒன்றை, குளியலறை திருத்துவதற்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில், மனைவிக்குச் சொல்லாமல் வாங்கினேன். தீப்பெட்டியை விடச் சற்றே பெரியது. வாங்கிய பிறகு தெரிந்தது, அது போலி.

இந்த அட்டைகளின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள்ளும் சூயிங்கம் உறைக்குள்ளும் ஆட்டக்காரர்களின் படங்களைச் சிறு அட்டைகளில் அச்சடித்து வைத்து விற்றார்கள். பையன்கள் சேர்த்தார்கள். தாய்மார் வீடு கூட்டும்போது எறிந்தார்கள். எறியப்படாமல் தப்பியவற்றுக்குத்தான் இன்றைக்கு விலை. ஆக இந்த வியாபாரத்தின் அத்திவாரமே அக்காலத் தாய்மாரின் துப்புரவு. தப்பிய அட்டைக்கும் ஆயிரம் நிபந்தனைகள் உண்டு. மூலை மழுங்கக்கூடாது, மடிப்பு விழக்கூடாது, வெயில் படக்கூடாது, விரல் படக்கூடாது. சேகரிப்பாளர்கள் தங்கள் அட்டைகளைப் பார்த்துக்கொள்வதுபோலப் பெற்றோரையும் பார்த்துக்கொண்டால் இந்த லண்டன் நகரத்தின் முதியோர் இல்லங்களில் பாதியை மூடிவிடலாம்.

நான் தினமும் இல்ஃபோர்டில் ரயில் ஏறிப்போய், ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மற்றவர்களுடைய இழப்புகளுக்குப் பெறுமதி போடுகிறவன். எரிந்த கடை, நனைந்த கம்பளம், திருட்டுப்போன சங்கிலி எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு தொகை உண்டு. இந்த லட்சணத்தில்தான் ஏமாந்தேன். பழைய காகிதம் புற ஊதா விளக்கின் கீழ் இருண்டு கிடக்கும், புதுக் காகிதம் பளபளக்கும் என்று எங்கோ வாசித்துவிட்டு, அப்படி ஒரு கைவிளக்கை வாங்கி, படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அலுமாரிக்குள் குனிந்து நின்று அட்டையின்மேல் பிடித்தேன். கலியாண மண்டபத்து வாசல்போல ஜொலித்தது. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மனைவி, விஷயத்தைக் கேட்டு அறிந்தபின், "நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு. பாத்ரூமிலை கொழுவிவிடுங்கோ, அங்கை பல்ப்பும் இல்லை" என்றாள். நமது பழைய இலக்கணக்காரர்கள் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து, அதில் இளிவரல், அதாவது அவமானம், என்றும் ஒன்றை வைத்தார்கள். மற்ற ஏழிலும் எனக்கு அவ்வளவு பயிற்சி இல்லை.

ஆனால் இது நடப்பதற்கு முன்பே, வெம்பிளியில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்த எட்டுப் பேரையும் எழும்பவிடாமல் அட்டை சேகரிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து முடித்திருந்தேன். அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவர்தான் மனோர் பார்க் அண்ணை.

அண்ணை எனக்குச் சொந்தமில்லை. ஊரில் பக்கத்துத் தெரு. லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் உட்காரமாட்டார். ஓட்டுநருக்குப் பின்னால் நின்று, தன் வலது காலால் பிரேக் பிடித்துக்கொண்டே வருவார். அவருக்கு ஒரே மகன். கணக்கியல் பரீட்சைகளைப் பாதியில் விட்டுவிட்டு, பார்சல் களஞ்சியம் ஒன்றில் ஷிப்ட் வேலை செய்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கத்து வயல்வெளிகளுக்குப் போய்விடுவான். அங்கே சனங்கள் கார் டிக்கியைத் திறந்துவைத்து வீட்டுப் பழைய சாமான்களை விற்பார்கள். அவன் அவற்றுக்குள் கிண்டிக் கிண்டி அட்டைகள் வாங்குவான். கலியாணம் பேசப் போனால், "பிள்ளை என்ன செய்யிறார்?" என்ற கேள்விக்கு அண்ணை வாயைத் திறக்கமாட்டார்.

அந்த வெம்பிளிக் கலியாணத்துக்குப் பிறகு வந்த பங்குனியில், ஒரு திங்கட்கிழமைக் காலை, வேலைக்குப் புறப்பட்ட மகன் படியில் இருந்து சப்பாத்துக் கயிறு கட்டியபடியே சரிந்தான். இதயம் என்றார்கள். முப்பத்திரண்டு வயது. ஒரு சப்பாத்துத்தான் கட்டியிருந்தான்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அண்ணை என் வீட்டு மணியை அடித்தார். மழைச் சட்டைக்குள் ஒரு கடைப் பையைக் குழந்தையை அணைப்பதுபோல அணைத்திருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை.

"தம்பி, நீ அண்டைக்கு வெம்பிளியிலை ஒரு ஆளைப் பற்றிக் கதைச்சாய். பந்தடிக்கிற ஆள். வட்ட முகம்."

"ஓம் அண்ணை."

"அவன்ரை படம் ஒண்டு பிள்ளை வைச்சிருந்தவன்."

பைக்குள் ஒரு துவாய், துவாய்க்குள் ஒரு கடித உறை, அதற்குள் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அட்டை. வட்ட முகம், தொப்பி, தோளில் மட்டை. என்னுடையதில் இருந்த அதே மனிதர். ஒரே ஒரு வித்தியாசம். தொப்பியின் விளிம்புக்குக் கீழே, நெற்றியின் நட்டநடுவில், சந்தனத்தின் மேல் குங்குமமாக ஒரு பொட்டு. கோயில் நிர்வாக சபைத் தலைவர் ஒருவர் வேஷப் போட்டிக்குப் போனதுபோல இருந்தது. சிரிப்பு வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன்.

"எட்டுச் செலவு அண்டைக்கு அக்கா வைச்சவா" என்றார். அக்கா என்றது தன் மனைவியை.

எட்டுச் செலவு என்பது செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து அனுப்பிவைக்கும் சடங்கு. லண்டனில் அந்த வாழையிலையைப் பார்த்தாலே போதும், செத்தவர் எத்தனை வயதில் இங்கே வந்தார் என்று சொல்லிவிடலாம். ஊர்ச் சாப்பாடான ஒடியல் கூழும் கணவாய்க் கறியும் இருந்தால் வளர்ந்தபின் வந்தவர். இவனுடைய இலையில் பெட்டியோடு பொரித்த கோழி, கோலா, அக்காவின் ஆட்டிறைச்சிக் கறி, சீஸ் பூசிய ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் வைத்த பிறகு அக்கா மாடிக்குப் போய், மகனின் அறையிலிருந்து இந்த அட்டையைக் கொண்டுவந்து, உறையைக் கழற்றி, இலையின் தலைமாட்டில் சாய்த்து, பொட்டு வைத்தாராம். ஐயர் ஒன்றும் சொல்லவில்லையாம். லண்டன் ஐயர்மார் எதைக் கண்டும் ஒன்றும் சொல்வதில்லை.

"காசு எனக்கு வேண்டாம் தம்பி. பென்ஷன் வருது, வீட்டுக் கடன் கட்டி முடிஞ்சுது, இனி ஆருக்கு? ஆனா நான் இதைக் குப்பை எண்டனான். வீட்டிலை மட்டும் இல்லை, சபையிலை வைச்சும் எண்டனான். ஒருநாள் கோபத்திலை ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கவுன்சில் குப்பைத்தொட்டிக்கை போட்டுட்டன். மழை. அதுக்கை நிண்டு ஒவ்வொண்டாப் பொறுக்கினவன். எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை." துவாயை மடித்தார். "எனக்கு ஒண்டு தெரியவேணும். அவன் விசரனோ, நான் விசரனோ?"

யார் பைத்தியக்காரன் என்று என் தொழிலில் கேட்பதில்லை. எவ்வளவு தருவீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

"அண்ணை, என்னை நம்பாதேங்கோ. நான் வாங்கினதே போலி" என்றேன்.

"தெரியும். உன்ரை மனிசி கோயிலிலை எல்லாருக்கும் சொன்னவா. எண்டாலும் விழுந்தவனுக்குத்தானே பள்ளம் எங்கை எண்டு தெரியும்."

இதைவிட மோசமான தகுதிச் சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. இதைவிடச் சரியானதும் இல்லை. படிக்கட்டுக்குக் கீழ் அலுமாரியில் இருந்த தூசு உறிஞ்சியை வெளியே இழுத்துவிட்டு, இரண்டு பேரும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினோம். அண்ணையின் மூச்சு என் காதில் பட்டது. விளக்கை அழுத்தினேன். அட்டை இருண்டே கிடந்தது. என் விரல் நகங்கள் மினுங்கின, அண்ணையின் சட்டைக் கழுத்துப்பட்டி மினுங்கியது, அட்டை மினுங்கவில்லை. அந்த இருட்டுச் சதுரத்தின் நடுவில், சந்தனத்தோடு கலந்திருந்த மஞ்சள் மட்டும் மின்மினிபோலப் பச்சையாக எரிந்தது.

"என்னடா இது?" என்றார் அண்ணை.

"பொட்டு."

"அட்டை?"

"பழசு போலத்தான் கிடக்கு அண்ணை. ஆனா என்ரை சொல்லை வைச்சு..."

"சரி, தெரிஞ்ச ஆக்களிட்டைப் போவம்."

அடுத்த கிழமை இரண்டு பேரும் எலிசபெத் லைன் ரயில் பிடித்து நகரத்துக்குப் போனோம். பழைய விளையாட்டுச் சாமான்களை ஏலம் விடும் ஒரு சிறிய இடம். பெயர் வேண்டாம். படியிறங்கிப் போகவேண்டிய ஓர் அறை. அண்ணை மகனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் தைத்த சட்டையும் அதற்குமேல் பஸ் நிறுவனம் கொடுத்த பழைய கோட்டும் போட்டிருந்தார். எங்களைப் பார்க்க வந்த பெண்ணுக்கு என் வயதிருக்கும். கையுறை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அட்டையின் ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்கினாள். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். எங்களுக்கு மேலே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் ஜன்னலில் தெரிந்தன. அண்ணை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசல்" என்றாள் அவள் ஆங்கிலத்தில். "இங்கே இப்படி ஒன்று வருவது அபூர்வம். ஆனால் இந்தச் சிவப்பு... இது என்ன, தக்காளி சோஸா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் அண்ணை சொன்னார்: "பிளெஸ்ஸிங், மேடம். பை மை வைஃப்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல விளக்கினாள். எண்ணெய்ப் பசை நாரில் இறங்கிவிட்டது. குங்குமமும் ஊறிவிட்டது. துடைக்கலாம், துடைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் துடைத்ததைச் சொல்லித்தான் விற்க வேண்டும், சொன்னால் ஒருவரும் தொடமாட்டார்கள். பொட்டு இல்லாமல் என்ன விலை என்று நான்தான் கேட்டேன், பழக்கதோஷம். அவள் சொன்ன தொகைக்கு மனோர் பார்க்கில் வீடு வாங்க முடியாது, ஆனால் இருக்கிற வீட்டின் கூரையை முழுதாக மாற்றலாம். பொட்டோடு? கூரைக்கு ஏற ஓர் ஏணி வாங்கலாம்.

அண்ணை விலையைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தான் கொண்டுவந்த கேள்வியை, பஸ் ஓட்டிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். மகன் இதை எசெக்ஸ் சந்தையில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கண்டெடுத்தான். தகரம் நிறையப் பூக்களும் கப்பல்களும் போட்ட பழைய சிகரெட் அட்டைகள். அவற்றுக்கு நடுவில் இது ஒன்று. "அவனுக்குத் தெரியுமா, மேடம்? அல்லது அதிர்ஷ்டமா?"

அவள் அட்டையை உறைக்குள் திரும்ப வைத்தாள். "நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். அப்படியொரு தகரத்தை நானாக இருந்தால் புரட்டிவிட்டு மூடியிருப்பேன். இந்த உறையைப் பாருங்கள், அமிலம் இல்லாதது, விலை கூடியது. ஈரம் படவில்லை. வெளிச்சம் படவில்லை. இது அதிர்ஷ்டம் இல்லை. அவரை வேலைக்கு எடுக்க எனக்கு விருப்பம். அவர் இப்போது என்ன செய்கிறார்?"

ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அண்ணை எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். "பார்சல் கொம்பனியில் வேலை" என்றார். நன்றி சொல்லிவிட்டுப் படியேறினார்.

ரயிலில் அவர் உட்கார்ந்தார். அவரை உட்கார்ந்த நிலையில் ஒரு வாகனத்துக்குள் நான் கண்டது அன்றுதான். ரயில் ஸ்ட்ராட்ஃபோர்ட்டை நெருங்கியது. எதிரே ஒரு பெண் குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணை அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"அப்ப நான்தான்."

எனக்கு விளங்கியது. மறுப்பதற்கு வாய் திறந்தேன். இருபது வருடமாகப் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன், எதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறவன் என்று பெயர். "நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் அண்ணை" என்றேன். ரயில் அறிவிப்புக்கூட அதைவிட ஆறுதலாக இருந்தது.

"உந்தக் கதையை விடு. அக்காவுக்குச் சொல்லாதை" என்றார்.

"எதை?"

"பொட்டை. தன்ரை கையாலை பழுதாக்கினது எண்டு அறிஞ்சா அவள் உயிரோடை இருக்கமாட்டாள். ஏற்கெனவே, அண்டைக்குக் காலமை அவனை ஏன் எழுப்பினன், படுக்கவிட்டிருக்கலாம் எண்டு அனுங்கிறாள். உது வேறை வேண்டாம். அசல் எண்டு சொல்லுவம். அசல்தானே. விக்கிறேல்லை எண்டு நாங்கள் முடிவெடுத்ததா இருக்கட்டும்."

"நீங்களே சொல்லலாமே?"

"நான் சொன்னா நம்பாள். முப்பது வருஷம் குப்பை எண்ட வாய் இது. நீ படிச்சனி, எழுதுறனி, பொய் சொல்லத் தெரியும்."

முப்பது வருடம் என்பது மிகை. மற்றதில் மறுக்க ஒன்றும் இல்லை.

அந்தப் பொய்யை நான் மாதக்கணக்காகத் தயார் செய்தேன். வேலைக்குப் போகும் ரயிலில் நின்று மனத்துக்குள் திருத்தினேன். சில வாக்கியங்கள் நன்றாக வந்திருந்தன. அவற்றை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா என்றுகூட யோசித்தேன். இடையில் இரண்டு மூன்று தடவை அண்ணை வீட்டுக்குப் போனபோது அக்கா அட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகனின் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் அது நின்றது. வெள்ளிக்கிழமைகளில் பொட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார் போலும், பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. காப்புறுதிக்காரன் கண்ணுக்கு அது வாராவாரம் கூரையிலிருந்து ஓடு கழல்வதுபோலத் தெரிந்தது.

மகன் செத்து ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசத்துக்குப் போனேன். முன்னறையில் கம்பளத்தின்மேல் துணி விரித்துப் பந்தி. முதல் பந்தியில் பெரியவர்கள் எழுந்து போனபின், இரண்டாவதில் நானும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தோம். அண்ணை சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தார். அக்கா சோற்றுத் தட்டோடு என் முன்னால் குனிந்தபோது, அண்ணை எனக்குக் கண்ணைக் காட்டினார். இப்போது.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினேன். சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அட்டை அசல் என்று. லண்டனிலேயே பெரிய நிபுணர் பார்த்ததாக. அவனுக்கு இருந்த கண் தனக்கில்லை என்று அவள் சொன்னதாக, இது உண்மை. இப்படிப்பட்ட ஒன்றை விற்பது அதைக் கண்டெடுத்தவனுக்குச் செய்யும் அவமரியாதை என்று அண்ணையும் நானும் தீர்மானித்ததாக. சில பொருட்கள் விலைக்கு அப்பாற்பட்டவை என்று. அந்த வாக்கியம் ரயிலில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது. பக்கத்தில் இருந்தவர் சாப்பிடுவதை நிறுத்தித் தலையை ஆட்டினார். அண்ணை வாளியோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

"விக்க ஏலாது எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நான் தூசு தட்டப் போனாலே பிள்ளை கத்துவான், அம்மா, தொடாதேங்கோ, ஒரு விரல் பட்டாலே விலை போயிடும் எண்டு. தெரிஞ்சுதான் பொட்டு வைச்சனான். பொட்டு வைச்சதை இவர் விக்கவும் ஏலாது, குப்பையிலை போடவும் மனம் வராது." வாளியோடு நின்ற கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இதை அறிய ரெண்டு ஆம்பிளையள் ரயில் ஏறிப் போனியளே? அடுப்படியிலைதானே நிண்டனான், என்னட்டைக் கேட்டிருக்கலாம்."